இதயம்: இயல்பு

– மூச்சப் பிடிச்சுக்கோங்க, சார்ஜென்ட். பேசாதீங்க.

– பேசல.

– இப்பப் பேசுனீங்க.

– பதில் சொன்னேன். மரியாதைக்கு.

– கொஞ்சம் முன்னால சாயுங்க... லப்புக்கும் டப்புக்கும் நடுவுல புஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருது. கழுத்து வரைக்கும் ஏறுது.

– சட்டை உரசுது, பாதி டாக்டரம்மா.

– நீங்க சட்டையே போடல.

– அப்ப நெஞ்சு முடி.

– முடின்னா கரகரங்கும். புஸ்ஸுங்காது. நேத்து மாடி ஏறி வந்து அஞ்சு நிமிஷம் நோட்டீஸ் போர்டையே பாத்துட்டு நின்னீங்க. அதுல ஒரு நோட்டீஸும் இல்ல.

– போர்டு நல்ல போர்டு.

– டெல்மர்!

– சரி. புஸ்ஸுங்குது. எனக்குத் தெரியும். ராணுவத்துல இருபது வருஷம் அடுத்தவன் நெஞ்சக் கேட்டவன், என் நெஞ்சக் கேக்க மாட்டனா?

– இத்தன வாரமா எனக்கு ஏன் கேக்கல?

– காது இப்பத்தான் திறந்திருக்கு. படிப்பு ஏறுதுன்னு அர்த்தம். வாழ்த்துக்கள்.

– இத எழுதித்தான் ஆகணும்.

– வழக்கம்போல எழுது. "இதயம்: இயல்பு." வகுப்புல நாப்பது பேரு, ஜோடி ஜோடியா ஒருத்தர் நெஞ்ச ஒருத்தர் கேட்டு, வியாழக்கிழமைக்கு வியாழக்கிழமை அதத்தான் எழுதுது. பாடம் நடத்துற ஹ்ருஸ்கா மேடம் படிக்காமயே கையெழுத்துப் போடுறாங்க.

– இத எழுதினா படிப்பாங்க.

– படிச்சா என்னய ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு விட மாட்டாங்க. ஹார்ட் டாக்டர் வால்வ மாத்தும்பாரு. ஒரு வருஷம் போச்சு. எனக்கு நாப்பத்தேழு, கார்லா. ரெண்டு தடவ இல்லன்னுட்டு மூணாவது தடவைதான் இங்க இடம் குடுத்தாங்க. நெப்ராஸ்காவுல எங்க ஊரச் சுத்தித் தொண்ணூறு மைலுக்கு ஒரே ஒரு டாக்டர், அவரும் மாட்டு டாக்டர். மனுஷங்களும் அவர்கிட்டத்தான் போறாங்க. நான் இதப் படிச்சு முடிச்சு, டாக்டருக்கு அடுத்தபடியா வைத்தியம் பாக்குற மருத்துவ உதவியாளரா வந்து நிப்பேன்னு ஊரே காத்துக் கெடக்கு.

– பொணமாப் போய் நின்னா எப்படி வைத்தியம் பாப்பீங்க?

– மாட்டு டாக்டர விடக் கொஞ்சம் மெதுவா.

– எனக்குச் சிரிப்பு வரல. பயமா இருக்கு. உங்களுக்கு ஏதாச்சும் ஆயிட்டா நான் எப்படித் தூங்குவேன்?

– முதுகத் திருப்பிப் படுத்துக்க. அஞ்சு மணிக்குள்ள தாளக் குடுக்கணும். ஒரே ஒரு வரி, தாயி. கும்புட்டுக் கேக்கறேன்.

– கெஞ்சாதீங்க, கேக்கவே கஷ்டமா இருக்கு. நீங்களே சொல்லுங்க. ரெண்டு மாசமா வாரா வாரம் நீங்களும்தான் என் நெஞ்சக் கேக்கறீங்க. இதே சத்தம் எனக்கு இருந்து, "என் படிப்பு போயிரும், எழுதாதீங்க"ன்னு நான் கெஞ்சியிருந்தா, நீங்க இயல்புன்னு எழுதுவீங்களா?

– நீ கெஞ்சவே இல்ல, கார்லா. எட்டு வாரமும் நானாத்தான் இயல்புன்னு எழுதினேன்.