சாப்பாட்டு வரிசையில் ஒரு கதிரை

– எழும்பு பிள்ளை. நூற்றைம்பது பேர் பிளேட்டோட உனக்குப் பின்னாலை நிக்கினம்.

– நிக்கட்டும் அப்பா. நான் இருக்கிறன்.

– சாப்பாட்டு வரிசையிலை ஆராவது கதிரை போட்டு இருப்பினமோ? பொங்கல் விழாவெல்லோ நடக்குது.

– புஷ்பமலர் அன்ரி சமைச்சுக் கொண்டந்த கறி இந்த மேசைக்கு வரட்டும். எழும்புறன்.

– மெல்லமாக் கதை...

– மெல்லமாத்தான் கதைக்கிறன். குரலை உயர்த்தக் கூடாது, அது விதி.

– என்ன விதி?

– அமெரிக்காவிலை, அறுபதாம் ஆண்டு... வெள்ளையளுக்கு மட்டும் சாப்பாடு குடுக்கிற கடையிலை கறுப்பினப் பெடியள் போய் இருந்தவை. குடுக்கேல்லை. அவை எழும்பவும் இல்லை. பள்ளிக்கூடப் புத்தகத்தை விரிச்சுப் படிச்சுக்கொண்டு...

– அதுக்குத்தான் கையிலை கணக்குக் கொப்பியோ?

– ஓம். நல்ல உடுப்பும் போடோணும்.

– ஐயோ... நீயாக் கேட்டுச் சாறி உடுத்தினோடனை, அம்மா சந்தோசத்திலை லில்லெஸ்ட்ரோமிலை இருக்கிற பெரியம்மாவுக்கு ரெலிபோன் அடிச்சவ.

– தலையிலை சோஸ் ஊத்தினாலும் திருப்பி அடிக்கக் கூடாது.

– ஒருத்தரும் ஊத்தவேண்டாம், அது அம்மான்ரை காஞ்சிபுரம். இஞ்சை பார், கொமிற்றி ஆக்கள் நீ உண்ணாவிரதமெண்டு நினைச்சினம். பசிச்சாத் தானா எழும்புவாளெண்டு தலைவர் சொன்னவர்.

– நான் சாப்பாடு கேட்டெல்லோ இருக்கிறன்.

– அதுதான் ஒருத்தருக்கும் விளங்கேல்லை. எங்கடை ஆக்கள் சாப்பிடாமல் இருந்துதான் போராடுறவை.

– அன்ரியின்ரை கறியை ஏன் வைக்கேல்லை?

– அவை... வேறை ஆக்கள் பிள்ளை. ஊரிலை அவை சமைச்சதை நாங்கள் சாப்பிடுறேல்லை. ஆனா அமெரிக்கா மாதிரி இல்லை. அவவுக்குச் சாப்பாடு குடுக்கிறம்தானே?

– குடுக்கிறியள். அவ குடுத்தா வாங்கிறியளோ? இது ரெண்டாயிரத்து நாலு அப்பா. அவவும் மகள் சோபிகாவும் எல்லிங்ஸ்ருட்டிலையிருந்து ரெண்டு ட்ரெயின் மாறி, மடியிலை வைச்சுக் கொண்டந்த சட்டி. இப்ப எங்கை?

– சப்பாத்து வைக்கிற இடத்திலை...

– ஆர் கொண்டுபோய் வைச்சது?

– தலைவர் சொன்னார்... நான் செயலாளர்...

– ஆர் அப்பா?

– நான்தான். வந்தபடி, மூடியைத் திறக்காமல் அப்பிடியேதான் வைச்சனான்.

– போன வருசம் வெள்ளையள் எங்களுக்கு வீடு வாடகைக்குத் தரேல்லையெண்டு பேப்பருக்கு எழுதினது ஆர்? நான்தானே நொர்ஸ்க் பாசையிலை திருத்தித் தந்தனான்.

– அது ரசிஸ்மே, நிறவெறி.

– இது?

– இது... பழக்கம்.

– சோபிகா ரொய்லற்றுக்கை நிண்டு அழுறாள் அப்பா. ஒரேயொரு கரண்டி. நீங்கள் சாப்பிட்டா மற்றவையும் சாப்பிடுவினம்.

– விடு பிள்ளை. எனக்கு அந்தக் கறி பிடிக்காது.

– என்ன கறியெண்டு தெரியாமலேயோ?

– ஏன் தெரியாது? கத்தரிக்காய். அவ முதல் பொரிச்சுப்போட்டுத்தான் பால் விடுறவ. இறக்கேக்கை தேசிக்காய் ஒரு சொட்டு...

– அப்பா.

– என்ன?

– மூடியைத் திறக்கேல்லையெண்டு சொன்னனீங்கள்.

– அவவின்ரை மனுசன் அருளானந்தன் என்னோட லாண்டரியிலை வேலை. மத்தியானம் ஒரே மேசை. எட்டு வருசமாய் அவன் கொண்டாற சாப்பாட்டைத்தான் நான்... அம்மாவுக்குச் சொல்லிப்போடாதை.

– அப்ப அம்மா கட்டித் தாற சாப்பாடு?

– அருளானந்தன் சாப்பிடுவான். பாவம், ஒண்டும் சொல்லமாட்டான்... சிரிக்காதை. உன்ரை விதியிலை சிரிக்கலாமோ?

– சிரிப்பும் வருகுது, உங்களை நினைச்சா வெக்கமாயும் கிடக்கு.

– எனக்கும்தான். நீ இரு, எழும்பாதை. நான் போய்ச் சட்டியை எடுத்துக்கொண்டு வாறன்.

– தலைவர் மாமா உங்களை முறைச்சுப் பாக்கிறார்.

– பாக்கட்டும். லாண்டரி மேசையிலை மூண்டாவது கதிரை அவரின்ரைதான். வெள்ளிக்கிழமையளிலை இந்தக் கறியை ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிறவர்.