வாயை மூடச் சொன்ன மகள்

மகனின் ஆசிரியரைச் சந்தித்துவிட்டு, டென்மார்க்கின் ஒடென்சே நகரில் டிராமில் ஏறினேன். முன்னிருக்கையில் இரண்டு தமிழ்ப் பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“நேற்று என்ர மகள் என்னை வாயை மூடச் சொன்னவள். எனக்கு வந்த சந்தோசம்!”

“உமக்கென்ன விசரே?”

“பள்ளிக்கூடத்தில ஒரு சொல்லும் கதையாதவள் எண்டுதானே வீட்டில வைச்சுப் படிப்பிக்கிறன். நேற்று நகரசபைக் கந்தோரிலயிருந்து ஒரு மனுசி அவளின்ர படிப்பைச் சோதிக்க வந்தவ. அவவுக்குத் திருப்தியில்லாட்டில் திரும்பப் பள்ளிக்கூடம்தான். பயத்தில எல்லாக் கேள்விக்கும் நானே மறுமொழி சொன்னன்.”

“நீர் சொல்லுவீர்தானே!”

“மகள் டேனிஷில, ‘வாயை மூடுங்கோ அம்மா, என்னைத்தானே கேக்கிறா’ எண்டாள். பிறகு எல்லாத்துக்கும் அவளே விளக்கம் குடுத்தாள். வெளிக்கிடேக்க மனுசி, ‘வீட்டிலேயே படிக்கட்டும்’ எண்டிட்டா.”

“நீர் என்ன செய்தனீர்?”

“குசினிக்குள்ள ஓடிப்போய்த் துள்ளினன்!”