வலப்புறம் திறக்கும் நூல்

விசாரணைக் குழுவில் இரண்டு பெண்கள் இருப்பதைப் பார்க்க உண்மையிலேயே மகிழ்ச்சி. இஸ்லாமியவியல் துறைத் தலைவராக நான் வந்த நாளிலிருந்து இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், பெண்களை மேடையேற்ற வேண்டும் என்று. ஏற்றியும் இருக்கிறேன். பெங்களூரில் நாங்கள் நடத்திய எல்லாக் கருத்தரங்கிலும் தாஹிராதான் நன்றியுரை சொன்னாள்.

தாஹிரா என் ஆய்வு உதவியாளர். ஆடுகோடியில் வீடு, அப்பாவுக்குப் பட்டறை வேலை. தமிழை அரபு எழுத்தில் எழுதுகிற அரபுத்தமிழை மளமளவென்று படிப்பாள். எங்கள் துறையில் வேறு யாருக்கும் அது வராது. எனக்கும் வராது, துறைத் தலைவரிடம் அதையெல்லாம் யார் கேட்கப்போகிறார்கள்?

பழைய கையெழுத்துப் பிரதி ஒன்றை அவள் வரிவரியாகத் தமிழெழுத்தில் எழுதி, உரையும் எழுதினாள். மார்க்கக் கல்வியில் கரைகண்ட ஒரு பெண் பாடிய பாடல்கள். அவளுடைய அண்ணன் பாடியவை என்றே ஊர் நம்பியிருந்தது. பாடியவள் தங்கைதான் என்று தாஹிரா நிரூபித்தாள். அருமையான வேலை. இதை ஒரு சின்னப் பெண் எழுதினாள் என்றால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? நாலு பேர் சண்டைக்கு வந்தால் தாங்குவாளா? அவளைக் காப்பாற்றத்தான் அட்டையில் முனைவர் ஆராவமுதன் என்று போட்டுக்கொண்டேன். பார்க்க எடுப்பாகவே இருந்தது. உள்ளே அவளுக்கும் நன்றி சொல்லியிருக்கிறேன், அச்சகத்தாருக்கு முன்னால்.

பிறகு உதவிப் பேராசிரியர் வேலைக்கு நேர்காணல். அதை நம்பித்தான் அவள் வேறெங்கும் போகாமல் இருந்தாள். தேர்வுக் குழுவில் நானும் இருந்தேன்.

"புக்கு ஒண்ணும் வரலியாம்மா?" என்று நான்தான் கேட்டேன்.

"வந்திருக்கு சார். உங்க பேர்ல."

"பரவாகில்லா, ஹுடுகி நல்லா ஜோக் அடிக்குது" என்றார் பக்கத்தில் இருந்த கன்னடக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நூல் வெளியிடாதவரை எடுக்கக்கூடாது என்பது விதி. வேண்டிய பெண் என்பதற்காக விதியை வளைக்க முடியுமா? அவளை நிராகரித்துக் கையெழுத்துப் போட்டேன்.

அமைச்சர் தேதி கொடுக்கத் தாமதமானதால் வெளியீட்டு விழா அதற்கப்புறம்தான் நடந்தது. கோபித்துக்கொண்டு வராமல் இருந்துவிடுவாளோ என்று பயந்தேன். நன்றியுரைக்கு வேறு ஆளில்லை. வந்தாள். நான் அந்தப் பழைய கையெழுத்துப் பிரதியை எடுத்து, நம் புத்தகங்களைத் திறப்பது போல இடப்புறமிருந்து திறந்து, முதல் பாட்டு இதுதான் என்று கேமராவுக்குக் காட்டினேன்.

"சார், அது கடைசிப் பக்கம். அரபு எழுத்து, வலப்பக்கத்துலேர்ந்து தெறக்கணும் சார்" என்றாள் தாஹிரா, அடக்கமாகத்தான். மைக் அவள் கையில் இருந்தது. அதைக் கேட்டவர்கள் போட்ட புகாரில்தான் இப்போது உங்கள் முன்னால் இருக்கிறேன்.

சரி, ஒப்புக்கொள்கிறேன். நூல் அவளுடையது, உரை அவளுடையது, அந்த வேலையும் அவளுக்குப் போயிருக்க வேண்டியது. திருடினேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள். முன்னுரையை மட்டும் விட்டுவிடுங்கள். தங்கையின் உழைப்பை விழுங்கி ஏப்பம் விட்ட அந்த அண்ணனை நினைத்து, மனம் கொதித்து எழுதியது. அதில் ஒரு வரிகூட தாஹிராவுடையது இல்லை.