என் க்யூப்கள் எல்லாம் பாஸ்

இங்கே ஷார்ஜாவில் பிரியாணிக்குள் உருளைக்கிழங்கு போடுகிறார்கள், அஜீஸா அக்கா. அதைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை.

பள்ளிச் சமையல்கூடத்தைப் பற்றி விசாரிக்க மோகனூர் வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள் என்றாய். திரும்ப வந்தால் இந்தக் கடிதத்தையே காட்டு. பயப்படாதே. அதைக் கட்டும்போது சைட் சூப்பர்வைசர் நான்தான்.

அரசாங்க வேலையில் ஒரு முறை உண்டு. கூரைக்குக் கான்கிரீட் போடும்போதே அந்தக் கலவையில் கொஞ்சம் எடுத்து, ஆறு அங்குலப் பெட்டியில் ஊற்றி க்யூப் செய்ய வேண்டும். இருபத்தெட்டு நாள் தண்ணீரில் ஊறியதும் ஆய்வுக்கூடத்தில் மெஷினில் வைத்து நசுக்குவார்கள். க்யூப் தாங்கினால் கூரையும் தாங்கும் என்று கணக்கு.

காண்ட்ராக்டர் வெள்ளியங்கிரி அண்ணன் தெளிவாகச் சொல்லிவிட்டார். "ஆபீசுக்குப் போறது க்யூப்புதான் தம்பி. அதுக்கு மட்டும் தனியாக் கலக்கிக்க. சிமெண்ட்டு தாராளமாப் போடு சாமி."

"அப்ப கூரைக்குங்ண்ணா?"

"கூரைய எவன் நசுக்கிப் பாக்கறான்?"

எல்லோரும் சிரித்தோம். வேலையைப் பார்வையிட வந்த அரசாங்க இன்ஜினியர் ஜோதி மேடத்தை அண்ணன் டீ குடிக்கக் கூட்டிப்போன நேரத்தில் நான் க்யூப் ஊற்றினேன். கம்பியால் குத்திக் குத்தி, ஒரு காற்றுக்குமிழிகூட இல்லாமல்.

சத்துணவு சமைக்கும் குப்பாயி அக்கா பார்த்துக்கொண்டே நின்றார். "ஏஞ்சாமி, பெத்த புள்ளையாட்டம் தட்டித் தட்டி வெக்கறியே. எந்தலைக்கு மேல வர்றதையும் இப்படித்தான் பண்ணுவியா?"

"பண்ணிருவோங்க்கா" என்றேன். பெரியவர்கள் மனம் கோணப் பேசுவது என் பழக்கமில்லை.

க்யூப்கள் தாங்க வேண்டியதைப்போல ஒன்றரை மடங்கு தாங்கின. அதைப் பார்த்துத்தான் மேடம் கையெழுத்துப் போட்டார். அவரை சஸ்பெண்ட் செய்தது தவறு. பாவம், அவருக்கு எதுவும் தெரியாது.

ஆகஸ்டில் நான் விமானம் ஏறினேன். அக்டோபர் மழையில் கூரை இறங்கியது. மதிய மணி அடித்த நேரம். குப்பாயி அக்காவும், தட்டோடு வரிசையில் முதலில் நின்ற இரண்டு பிள்ளைகளும் அடியில் போனார்கள்.

என்னை மனசாட்சி இல்லாதவன் என்று மட்டும் நினைத்துவிடாதே. டவுன் பள்ளியில் படிப்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லி, ஜூனிலேயே நம் ஷைமாவை அந்தப் பள்ளியிலிருந்து மாற்றச் சொன்னேன் அல்லவா? டவுனில் படிப்பு எப்படி என்று எனக்குத் தெரியாது, அக்கா. தாய்மாமன் செய்ய வேண்டியதில் நான் ஒன்றும் குறை வைக்கவில்லை.