எடுத்துக் கொடுத்தவன்

டாக்டர் அவர்களுக்கு,

பிராம்ப்டராக இருப்பவனுக்கு இருமல் வரக்கூடாது. அதனால்தான் பத்து வருஷமாக நான் ஐஸ் தண்ணீர் குடிப்பதில்லை, மழையில் நனைவதில்லை. நேற்று உங்கள் கிளினிக்கில் என் மனைவியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "இந்த மறதி எப்போ ஆரம்பிச்சுது மிஸ்டர் கிருஷ்ணமூர்த்தி?" என்று நீங்கள் கேட்டபோதும் என் தொண்டை நன்றாகத்தான் இருந்தது. பதில்தான் வெளியே வரவில்லை. யோசித்து எழுதிக்கொண்டு வாருங்கள் என்றீர்கள். இதில் யோசிக்க எனக்கு ஒன்றுமில்லை. தேதி, கிழமை, சபா எல்லாமே தெரியும்.

வருகிற திங்கட்கிழமை முதல் அவளுக்குக் கரண்ட் வைத்துச் சிகிச்சை தொடங்கலாம் என்று சொல்லியிருக்கிறீர்கள். சம்மதப் படிவத்தில் நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதற்கு முன்னால் உங்களுக்கு உண்மை தெரிவது நியாயம் என்று படுகிறது.

அது 1972. பகலில் நான் மவுண்ட் ரோடில் ஓர் ஆபீஸ் குமாஸ்தா. சாயங்காலமானால் அனந்தராமனின் நாடகக் குழுவில் பிராம்ப்டர். எல்லோருக்கும் கிச்சா. மேடையின் பக்கத் தட்டிக்குப் பின்னால் நோட்டோடு நின்று, வசனம் மறந்தவர்களுக்கு முதல் வார்த்தையை எடுத்துக் கொடுப்பது என் வேலை. எங்கள் குழுவில் எல்லோரும் ஆபீஸ் போகிறவர்கள். ஒருத்தனும் ஒழுங்காகப் பாடம் பண்ணமாட்டான். கதாநாயகன் அனந்தராமனே நாலு வரிக்கு ஒரு தரம் தலையைச் சொறிகிற பாவனையில் என் பக்கம் திரும்புவான். போஸ்டரில் என் பெயர் கடைசியில், எறும்பு ஊர்ந்தமாதிரி இருக்கும். ஆனால் நான் இல்லாவிட்டால் இவர்கள் கதி என்ன என்று நினைத்து நினைத்து எனக்குள் சந்தோஷப்பட்டுக்கொள்வேன்.

பெண் வேஷத்துக்கு மட்டும் வெளியிலிருந்து ஆள் வரும். சண்முகவடிவு அப்படி வந்தவள். மேற்கு மாம்பலத்தில் ஓர் ஒற்றை அறையில் அம்மாவோடு இருந்தாள். அவள் நடித்தால்தான் அங்கே உலை கொதிக்கும். நாலு குழுக்களில் நாலு நாடகம். நவராத்திரி தொடங்கிக் கார்த்திகைவரை சபாக்களில் மூச்சு விட நேரமிருக்காது. இன்றைக்கு மயிலாப்பூரில் மருமகள், நாளைக்கு தி. நகரில் காலேஜ் பெண், மறுநாள் அடையாறில் டாக்டரம்மா. ஒன்றிலும் ஒரு சொல் பிசகாது. எங்களோடு முப்பது மேடை ஏறினாள். ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை.

முதலில் அது எனக்குப் பெருமையாக இருந்தது. அப்புறம் உறுத்தத் தொடங்கியது. அவளுக்கு நான் வேண்டியதில்லை என்பதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

ஐப்பசி முதல் வாரம் அடை மழை. அவளுக்குக் காய்ச்சல். இரண்டாம் அங்கத்தில் சட்டென்று நின்றாள், என்னைப் பார்த்தாள். எடுத்துக் கொடுத்தேன். பிடித்துக்கொண்டாள். நாடகம் முடிந்ததும் போர்வையைப் போர்த்திக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"நீங்க இல்லேன்னா இன்னிக்கு மானம் போயிருக்கும் சார்."

அந்தப் பார்வை எனக்கு மறுபடி வேண்டியிருந்தது. ஆரம்பம் அவ்வளவுதான் டாக்டர். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

எங்கள் நாடகத்தில் அவளுடைய கணவன் பெயர் ரகு. இன்னொரு குழுவின் நாடகத்தில் சேகர். அவளுடைய நாலு நாடகத்தையும் நான் டிக்கெட் வாங்கிப் பார்த்திருந்தேன். நல்ல பிராம்ப்டரின் குரல் நடிகர்களுக்கு வேற்றாள் குரலாகவே கேட்காது, தனக்கே ஞாபகம் வந்ததுபோல இருக்கும். அடுத்த வெள்ளிக்கிழமை அவள் வாய் திறக்கும் நொடியில் "சேகர்" என்று மூச்சோடு மூச்சாகச் சொன்னேன். அவள் அனந்தராமனைப் பார்த்து, "சேகர், காப்பி ஆறிப்போகுது" என்றாள். சபாவே சிரித்தது.

உள்ளே வந்ததும், "எப்படி சார் அந்தப் பேரு வந்துச்சு?" என்று கேட்டாள்.

"நாலு நாடகம், அலைச்சல். யாருக்கும் வரும். இனிமே என்னைப் பாத்துக்கோங்க, நான் எடுத்துக் குடுக்கறேன்" என்றேன்.

அதன்பிறகு பார்க்கத் தொடங்கினாள். நான் பத்துக்கு ஒன்பது தடவை சரியாகத்தான் கொடுத்தேன். ஒத்திகை ஐந்து மணிக்கு என்று அவளிடம் சொல்லிவிட்டு, அவள் ஐந்துக்கு வந்து நின்றதும், "நாலுன்னு சொன்னேனே" என்பேன். பஸ் ஸ்டாப்பில், "இதை நேத்தே கேட்டேளே" என்பேன். அவள் கேட்டிருக்கமாட்டாள். பாவம், ஒரு சின்ன நோட்டு வாங்கி எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். ஒருநாள் அந்த நோட்டும் காணாமல் போயிற்று. இன்றைக்கும் அது என் மேஜை டிராயரில் இருக்கிறது.

தீபாவளிக்கு அடுத்த ஞாயிறு, மயிலாப்பூரில் பெரிய சபா. பம்பாய்க்குப் பத்து நாடகம் கூட்டிப்போவதற்காக ஆள் பார்க்க வந்தவர் முதல் வரிசையில் இருந்தார். வடிவுதான் வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார். பிராம்ப்டர் வேண்டாம், அங்கே அவர்களுக்கு ஆள் உண்டு. எங்களுடையது துப்பறியும் நாடகம். மூன்றாம் அங்கத்தின் கடைசியில்தான் மருமகள், "மாமாவுக்கு விஷம் வெச்சது நான்தான்" என்று ஒப்புக்கொள்வாள். முதல் அங்கத்தில், காப்பி கொடுக்கும் கட்டத்தில், அவள் என்னைப் பார்த்தாள். நான் அந்த வசனத்தை எடுத்துக் கொடுத்தேன். அதற்குள் அவள் தன் ஞாபகத்தை நம்புவதை விட்டிருந்தாள். என்னை மட்டும் நம்பினாள். அப்படியே சொன்னாள்.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அனந்தராமன் திரையை இறக்கச் சொல்லிவிட்டு உள்ளே வந்து கத்தினான்.

"நாடகமே போயிடுத்துடா கிச்சா. இவளுக்கு மூளை கலங்கிடுத்தா?"

வடிவு என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டாள். "நீங்க அதைத்தானே சார் குடுத்தீங்க?"

நான் நோட்டைத் திறந்து பக்கத்தைக் காட்டினேன். 'சர்க்கரை போதுமா மாமா' என்று இருந்தது. அவள் அதையே வெகுநேரம் பார்த்தாள்.

"மன்னிச்சிருங்க சார். என் காதும் போச்சு போல."

டாக்டர், இதுவரை எழுதியதில் எனக்கு மிகவும் வெட்கமான இடம் இதுதான். அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். நானும் "பரவாயில்லை" என்று மன்னித்தேன்.

திரை இழுக்கும் வலியுல்லா எனக்கு மூன்றடி தள்ளி நின்றிருந்தான். சாமான்களை வண்டியில் ஏற்றும்போது, "இன்னா சார், அந்தம்மாவுக்கு நீ வேற டயலாக் எடுத்துக் குடுத்த மாரி கீதே?" என்றான். மறுநாள் அனந்தராமனிடம், வலியுல்லா குடித்துவிட்டு வேலைக்கு வருகிறான் என்று சொன்னேன். அவன் தொட்டதே கிடையாது. அதோடு அவனுக்கும் வேலை போயிற்று.

பம்பாய்க்காரர் அன்றைக்கே கிளம்பிப் போய்விட்டார். மற்ற மூன்று குழுக்களுக்கும் சேதி ஒரே வாரத்தில் எட்டியது. கார்த்திகை பிறந்தபோது வடிவுக்கு ஒரு நாடகமும் இல்லை. தை மாதம் நான் மேற்கு மாம்பலம் போய் அவள் அம்மாவிடம் பெண் கேட்டேன். நாடகக்காரியைக் கட்டிக்கொண்டான் என்று என் வீட்டில் தலை முழுகினார்கள். நான் அதைப் பொருட்படுத்தவில்லை. ஊரில் எல்லோரும் என்னைப் பெரிய மனசுக்காரன் என்றார்கள். வடிவும் அப்படித்தான் சொன்னாள்.

கல்யாணத்தோடு நிறுத்திவிடுவதாகத்தான் இருந்தேன். ஒரு வருஷம் நிறுத்தியும் இருந்தேன். ஒருநாள் அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே அந்தத் துப்பறியும் நாடகம் முழுவதையும் சொன்னாள். தன் வசனம் மட்டுமில்லை, எல்லோருடையதையும், மூன்று அங்கமும். முகமெல்லாம் சிரிப்பு.

"எல்லாம் வருது பாருங்க. அனந்தராமன் சார்ட்ட ஒரு வார்த்தை கேக்கிறீங்களா?"

கேட்கிறேன் என்றேன். அன்று சாயங்காலம் அவள் கோயிலுக்குப் போயிருந்தபோது ஸ்டவ்வைப் பற்றவைத்து, வெறும் பாத்திரத்தை அதன்மேல் வைத்துவிட்டு, நான் வாசலில் போய்ப் பேப்பர் படித்தேன். திரும்பி வந்தவள் அடுப்படியைப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள். நாடகப் பேச்சை அப்புறம் எடுக்கவில்லை. பிறகு சாவி, மண்ணெண்ணெய், பக்கத்து வீட்டுக்காரியின் பெயர் என்று ஏதாவது ஒன்று. ஆறு வருஷமாயிற்று. இப்போது பல நாட்கள் நான் ஒன்றும் செய்யவேண்டியதே இல்லை. அவளாகவே என்னைப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் குடிக்கிறாள்.

நேற்றுக்கூட, அவளை வெளியே அனுப்புவதற்கு முன்னால், "இப்போ என்ன மாசம்மா?" என்று கேட்டீர்கள். ஜன்னலுக்கு வெளியே ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. "அக்" என்று அவள் ஆரம்பித்தாள். சரியாகத்தான் ஆரம்பித்தாள். அப்புறம் பழக்கத்தில் என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "மார்ச்" என்றாள். நீங்கள் குனிந்து குறித்துக்கொண்டீர்கள். என் உதடு அசைந்ததை நீங்கள் பார்க்கவில்லை.

எழுதியதைத் திருப்பிப் படித்தேன். எதையும் மறைக்கவில்லை. மனசு கொஞ்சம் லேசாகியிருக்கிறது. அவள் உள்ளே தூங்குகிறாள். இதை நாளைக்கே கொடுத்தால் நீங்கள் சிகிச்சையை நிறுத்திவிடுவீர்கள், அவளுக்கும் எல்லாம் தெரிந்துவிடும். அதை அவளால் தாங்கமுடியாது. அவளுக்காகத்தான் யோசிக்கிறேன் டாக்டர். திங்கட்கிழமை ஆகட்டும். செவ்வாய்க்கிழமை காலையில் இந்தக் கடிதத்தை நானே கொண்டுவந்து உங்கள் கையில் தருகிறேன்.