அக்கா வீட்டுக் கிருமி

— என்னக்கா இது? சிமெண்ட்டா?

— எப்படி இருக்கு பாரு! முகம் பாக்கலாம்போல. மேஸ்திரி நேத்துதான் பூசி முடிச்சாரு.

— இங்க மண்ணு இருந்துச்சே! பாத்திரம் கழுவுற தண்ணி ஊறிக் கிடக்குமே, அந்த மண்ணு!

— அந்த அசிங்கத்தைத்தான் ஒழிச்சேன். ஒரு முழம் தோண்டி எடுத்துட்டு, குழியில பிளீச்சிங் பவுடரைக் கரைச்சு ஊத்தியாச்சு. நீதானடி பேப்பர்ல சொன்ன, "எங்கக்கா வீட்டுக் கொல்லையில ஒரு கிருமி கண்டுபிடிச்சேன்"னு? கேட்டியா, தெருவே சிரிச்சுது. சம்பந்தியம்மா போன் பண்ணி, "தண்ணி காய்ச்சித்தானே குடிக்கிறீங்க"ங்கிறாங்க.

— ஐயோ, அது நல்ல கிருமிக்கா! வேற கிருமி பக்கத்துல வரக்கூடாதுன்னு தன்னால ஒண்ணைச் சுரக்குது. அதுதான் மருந்தே.

— ஓஹோ. ரவுடியை அடக்க என் வீட்டுல ஒரு ரவுடி. சரி, அதான் அள்ளிட்டுப் போயிட்டியே, லேப்ல வச்சு வளத்துக்கோ.

— செத்துப்போச்சு.

— என்னது?

— வளத்த பெட்டியில சூடு எக்கச்சக்கமா ஏறி, அத்தனையும் வெந்துபோச்சு. மறுபடி மண்ணு எடுக்கத்தான் ஓடி வந்தேன்.

— போட்டோவுக்குச் சிரிக்கத் தெரிஞ்சுது, ரெண்டா எடுத்து வைக்கத் தெரியல!

— திட்டுக்கா. நல்லாத் திட்டு. அப்பாவோட காலை வெட்டி எடுத்தாங்களே, எந்த மருந்துக்கும் அடங்காத அந்தப் புண்ணுக் கிருமி... அதை இது கொன்னுச்சுக்கா. என் கண்ணால பாத்தேன்.

— அப்பாவோடதையா?

— அதே ஜாதிக் கிருமி.

— இதை முன்னாடியே சொல்றதுக்கென்னடி? அழாத. முகத்தைத் துடை. அந்த மண்ணை நான் வெளிய கொட்டல.

— கொட்டலையா! எங்கக்கா இருக்கு?

— கருகருன்னு நல்ல மண்ணு, மனசு வரல. ஒரு தொட்டியில நிரப்பி, ரோஜாக் கன்னு நட்டு, நேத்து சாயங்காலம் உன் வீட்டு வாசல்ல வச்சேன். நீ பூட்டிட்டுப் போயிருந்த. கோபம் கோபம்தான், ஆனா பேப்பர்ல வந்தது என் தங்கச்சியாச்சே. ஏன், நீ பாக்கலையா?

— பாத்தேன்.

— அப்புறம் ஏன் நிக்கிற? ஓடுடி!

— ஒரே நாத்தம்க்கா... யாரு வீட்டுக் கிருமியோன்னு, காலையில நானே குப்பை வண்டியில ஏத்தி விட்டுட்டேன்.