இன்னும் எழுதாத குற்றம்

ஏரல் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் பதினோராம் வகுப்பு மாணவிகள் இருவர். காதைப் பொத்திக்கொள்ள எனக்கு மனமில்லை.

"ஏட்டி, நாளைக்கு கிளாசுல கோர்ட்டு நாடகம். நாந்தான் குற்றவாளி" என்றாள் ஜன்னலோரத்தவள், மாங்காயைக் கடித்தபடி.

"உன்னைய யாரு எடுத்தா?" என்றாள் தோழி.

"சாருதான். கோர்ட்டு எப்படி நடக்குன்னு எல்லாருக்கும் புரியணுமாம். ஜட்ஜு, வக்கீலெல்லாம் முதல் பெஞ்சுல எடுத்தாரு. பொறவு கடைசி பெஞ்சப் பாத்தாரு."

"தீர்ப்பு?"

"மூணு வருசம். ஜட்ஜு ரெண்டு நாளா மனப்பாடம் பண்ணுதா."

"அப்படி நீ என்னட்டி செஞ்ச?"

"அத சார் இன்னும் எழுதல. எனக்கு ஒரு வசனம் மட்டும் எழுதிக் குடுத்திருக்காரு."

"என்ன வசனம்?"

"'ஒத்துக்கிடுதேன் ஐயா.'"